இருபது கிலோ உளுந்து

கவுண்டருக்கு எதிரே வந்து உட்காரும் பெண் எந்த விலைக்குச் சேலை எடுப்பாள் என்பது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே பால்வண்ணநாதனுக்குத் தெரிந்துவிடும். தென்காசி ரத வீதியில் ஒரே ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறவர். கண் மேல் தட்டுக்குப் போய்விட்டுச் சட்டென்று இறங்குவதும், கூட வந்தவளை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதும் அவருக்குப் போதும். "அறுநூறுக்குள்ள நல்லதா வந்திருக்கு, காட்டட்டுமாம்மா" என்று அவரே ஆரம்பித்துவிடுவார். கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தவளின் முகம் தெளியும்.

இரண்டு வருடமாக அந்த அறுநூறும் இறங்கிக்கொண்டே வந்தது. கல்யாணத்துக்கு முப்பது சேலை எடுக்கிற குடும்பம் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டது. வடகரையிலிருந்து வருகிறவர்கள் துபாயில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் சேலையைக் காட்டி, அவன் "அப்புறம் பாத்துக்கிடலாம்மா" என்றதும் எழுந்து போனார்கள். எந்த வீட்டில் எதைக் குறைக்கிறார்கள் என்பதை எதிரில் நின்று பார்த்துப் பார்த்து, சிக்கனத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று பால்வண்ணநாதன் நினைத்திருந்தார்.

மே மாதக் கடைசியில் முதலாளி எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டார். "யாரையும் போகச் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா ஏவாரம் எப்படி இருக்குன்னு நீங்களே பாக்குதீங்க. அடுத்த மாசத்துலேந்து ஆளுக்கு வாரத்துல மூணு நாள் வாங்க. சம்பளமும் இந்த மாசத்துலேந்தே பாதிதான் தர முடியும்" என்றார். பில் போடும் யாசர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினாறாயிரம் எட்டாயிரமாகிவிட்டது. குத்துக்கல்வலசையில் வாடகை வீடு. மனைவி சண்முகசுந்தரி, கல்லூரியில் இரண்டாம் வருடத்துக்குப் போகும் மகள் சுகந்தி. சம்பளத்தில் மூவாயிரத்தைப் பெட்ரோலுக்கும் டீக்கும் வைத்துக்கொண்டு பதின்மூன்றாயிரத்தை சுந்தரி கையில் கொடுப்பது வழக்கம். அதற்கப்புறம் அடுத்த ஒன்றாம் தேதி வரை வீடு எப்படி நடக்கிறது என்று அவர் கேட்டதில்லை. அவளும் போதவில்லை என்று சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மறுநாள் காலையில் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, இனி வீட்டுச் செலவ நான் பாத்துக்கிடுதேன்."

சுந்தரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்களா?"

"ஆமா. எங்கெங்க குறைக்கலாம்னு பாப்போம். நீ ஒவ்வொண்ணாச் சொல்லு, நான் எழுதுதேன்."

அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். வாடகை, பலசரக்கு, பால், மீன், காய்கறி, கேஸ், கரண்ட், சுகந்தியின் கல்லூரி பஸ், மூன்று போனுக்கும் ரீசார்ஜ். சந்தேகமே இல்லாமல், நின்று யோசிக்காமல் சொன்னாள். அவர் கூட்டிப் பார்த்தார். இருபத்து நாலாயிரத்து எழுநூறு வந்தது.

எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று திரும்பக் கூட்டினார். போனை எடுத்து அதிலும் போட்டுப் பார்த்தார். அதே இருபத்து நாலாயிரத்து எழுநூறு. நான் கொடுப்பது பதின்மூன்று. மாசாமாசம் கொடுத்தது பதின்மூன்று. மிச்சம்?

கேட்டிருக்கலாம். அவள் இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். ஆனால் கேட்டால் பதில் என்று ஒன்று வருமே, அதை நினைத்துத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. நோட்டை மூடிவிட்டு அவள் கழுத்தைப் பார்த்தார். சங்கிலி இருந்தது. கையில் வளையல் இரண்டும் இருந்தன. மகளிர் குழுவில் கடன் வாங்கியிருப்பாளோ? புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி அனுப்புகிறானோ? அவனே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிறான். அன்று முழுக்க இதே நினைப்பாக இருந்தது. மறுநாள் கடையில் யாசரிடம், தன் வீடு என்று சொல்லாமல், யாரோ ஒருத்தர் வீட்டில் இப்படியாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தாண்ணே" என்றான் யாசர். "மேல எங்கேந்து வருதுன்னு நான் கேட்டுக்கிடுததே இல்ல."

அது அவருக்கு இன்னும் குழப்பத்தைத்தான் கொடுத்தது.

ஒன்றாம் தேதி பலசரக்குக் கடைக்கு அவரே போனார். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடை. மாதாந்திரச் சாமான் இங்கேதான் வாங்குகிறாள் என்பதே இப்போதுதான் அவருக்குத் தெரியும். கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்து வாசித்தார்: இட்லி அரிசி எண்பது கிலோ, உளுந்து இருபது கிலோ, வெந்தயம்.

"நில்லுங்க அண்ணாச்சி. உளுந்து எத்தன?"

"இருவது."

"ரெண்டா?"

"இருவது அண்ணாச்சி. எப்பவும் அதுதான்."

பால்வண்ணநாதனுக்குக் காது சூடானது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் மாதம் இருபது கிலோ உளுந்து. பாவம், சுந்தரி சூதுவாது தெரியாதவள். சீட்டைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இத்தனை வருடமாக இந்த மனுஷர் எழுதினதுதான் கணக்கு.

"நாங்க என்ன ஹோட்டலா நடத்துதோம்? உளுந்து ரெண்டு கிலோ, அரிசி அஞ்சு கிலோ போடுங்க. போதும்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிடுதீங்களா" என்று மட்டும் சொன்னார்.

"வீட்டுக்கு நான்தான் ஆளு."

"அதுவுஞ் சரிதான்" என்று அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உளுந்தை நிறுக்கத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்து நடந்ததைச் சொன்னார். கடைக்காரரின் மோசடியை அவர் கண்டுபிடித்த இடம் வந்தபோது சுந்தரி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். இரண்டு கிலோ பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள்.

"இது போதும்னு சொல்லுதீங்களா?"

"தாராளமாப் போதும்."

"சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யில் என்னவோ இருந்த மாதிரி அவருக்குப் பட்டது. என்னவென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வேகமாகக் குறைத்தார். பால் ஒரு பாக்கெட் நின்றது. கேபிளை வெட்டினார். கரண்டு பில் இவ்வளவு ஏன் வருகிறது என்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு நடந்தார். மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றார். சுகந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புதுச் செலவு பதினைந்தாயிரத்து ஐநூறு. கையில் வந்த எட்டாயிரத்தோடு வங்கியில் கிடந்ததில் ஐயாயிரத்தை எடுத்துச் சேர்த்து, பழையபடி பதின்மூன்றாக்கி அலமாரியில் வைத்தார். இதே பதின்மூன்றில் இருபத்து நாலு ஓடிய வீடு. இப்போது பதினைந்தரையாகக் குறைத்தாகிவிட்டது. அப்படியென்றால் ஒன்பதாயிரம் மிஞ்ச வேண்டும்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அலமாரியைத் திறந்தபோது நானூற்றுப் பத்து ரூபாய் இருந்தது.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். களவு எதுவும் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் சீட்டு இருந்தது. இத்தனை நாளாகச் செலவழித்து நடந்த வீடு, செலவைக் குறைத்ததும் நிற்கிறது. சுகந்தி வந்து பஸ்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றாள். "அம்மாட்ட வாங்கிக்கோ" என்றார் பழக்கத்தில். "அம்மா உங்ககிட்ட கேக்கச் சொல்லுதா" என்றாள் அவள்.

இதைவிட அவருக்குப் பிடிபடாமல் இருந்தது சுந்தரியின் போக்குதான். வீட்டில் இவ்வளவு நெருக்கடி, அவள் முகத்திலோ ஒரு தெளிச்சி வந்திருந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் பாயை விரித்துத் தூங்கினாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சாவகாசமாகச் சிக்கெடுத்தாள். ஒருநாள் சுகந்தியின் பழைய சுடிதாரை எடுத்து வைத்துக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து பின்வாசலில் என்னமோ கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். அந்தப் பன்னிரண்டாம் தேதி சாரல் விழுந்துகொண்டிருந்தது. "ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாம். முத்துவடிவு கூப்பிடுதா, குளிச்சிட்டு வாரேன்" என்று ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மினி பஸ் ஏறிவிட்டாள். முத்துவடிவு எதிர்வீட்டுக்காரி. எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அருவிக்கு சுந்தரி கடைசியாகப் போனது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். சுகந்தி கைக்குழந்தையாக இருந்தது ஞாபகம் வந்தது.

அவள் போன கொஞ்ச நேரத்தில் ஹாஜரா பீவி வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் காலையும் மாலையும் இட்லிக் கடை போடுகிறவள். வாசலிலேயே நின்று, "சுந்தரி இல்லியா அண்ணாச்சி" என்றாள்.

"குத்தாலத்துக்குப் போயிருக்கா."

"குத்தாலத்துக்கா? வேலையாவா?"

"குளிக்க."

ஹாஜரா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "பன்னெண்டு நாளாச்சு அண்ணாச்சி. ஒடம்புக்குச் சரியில்லைன்னுதான் நானும் பேசாம இருந்தேன். கடையில வாங்குத பாக்கெட் மாவுல இட்லி கல்லு மாதிரி வருது, வாரவங்க மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போறாங்க. குத்தாலத்து லாட்ஜ் சமையல்காரன் ஆவுடையப்பனும் தெனம் எனக்கு போன் அடிக்கான். சீசன் நேரத்துல இப்படி மாவ நிறுத்திட்டா நாங்க எங்கன போறது?" என்றாள்.

"என்ன மாவு?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விளையாடுகிறாரோ என்று பார்த்த மாதிரி இருந்தது. "உங்க வீட்டு மாவுதான் அண்ணாச்சி" என்றாள்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு சுந்தரி எப்போதாவது மாவு கொடுக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பூவுக்கும் பின்னூசிக்கும் ஆகும் என்று விட்டிருந்தார். ஹாஜரா பீவி சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது: தினமும் எட்டு, ஒன்பது கிலோ. ஐந்தாறு வருடமாக. மழைக்கும் காய்ச்சலுக்கும் நிறுத்தாமல். காலையில் ஆறு மணிக்கு இவர் தூங்கும்போதே பின்வாசல் வழியாக வாளி வெளியே போய்விடும். லாட்ஜுக்கு மினி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

அவள் போன பிறகு பின்கட்டுக்குப் போய் நின்றார். அங்கே ஒரு பெரிய கிரைண்டர் இருந்தது. மச்சினன் புளியங்குடியில் டிபன் கடையை மூடியபோது கொண்டுவந்து போட்டது. இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது, பழைய இரும்புக்குப் போடு என்று அவரே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். வழவழவென்று சுத்தமாக இருந்தது. அவர் காலை ஒன்பதுக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதரைக்கு வருகிறவர். நடுவில் இந்த வீடு என்ன செய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் தான் வந்து நிற்பதுபோல் இருந்தது அவருக்கு.

சுந்தரி நாலு மணிக்கு ஈரத் தலையோடு வந்தாள். உதடு குளிரில் வெளுத்திருந்தது. "அருவி அடிச்ச அடியில தோள்பட்ட வலி எங்கனயோ போயிட்டு" என்று சொல்லிக்கொண்டே துணியைக் கொடியில் போட்டாள்.

"ஹாஜரா பீவி வந்தா" என்றார்.

அவள் துணியை நீவி விட்டாள்.

"நீ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேட்டி."

"சொன்னேன். கொரோனாவுல உங்க கடைய மூணு மாசம் பூட்டியிருந்தப்ப ஆரம்பிச்சது. மாவு அரச்சுக் குடுக்கட்டுமான்னு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். டிவி பாத்துக்கிட்டே 'என்னமும் செய்யி'ன்னீங்க."

அவருக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆனால் தான் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது.

"சரி, அத விடு. நான் உளுந்தக் குறைச்சுட்டு வந்தேனே, அப்ப ஏன் சரின்னு சொன்ன? அப்பவே சொல்லியிருந்தா இந்தக் கூத்து வந்திருக்காதுல்லா."

சுந்தரி படியில் உட்கார்ந்து முடியை முன்னால் போட்டுத் துவட்டினாள்.

"எனக்கே தெரியல" என்றாள். "சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். அந்த ரெண்டு கிலோவக் கையில எடுத்தப்ப, இன்னைக்கு இவ்வளவுதான் அரைக்கணுமான்னு ஒரு நிமிசம் தோணிச்சு. ஆறு வருசத்துல ஒருநாள் கை காய்ஞ்சதில்ல. நீங்களே வேண்டாங்கும்போது நான் எதுக்கு வேணும்னு சொல்லணும்? ஒரு மாசம் உக்காந்துதான் பாப்பமேன்னு இருந்துட்டேன்."

"கஷ்டம் வரும்னு தெரியாதா?"

"தெரியும். வரட்டும்னுதான் இருந்தேன்."

அவருக்குக் கோபம் வர வேண்டும் போல் இருந்தது, வரவில்லை. வெட்கப்பட வேண்டுமா, அவளுக்கு நன்றி சொல்ல வேண்டுமா, கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, எது முதலில் என்று புரியாமல் வெகுநேரம் கொடியில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கடையில் ஒரு பெண் சேலையைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இதவிடக் குறைச்சு இருக்கா" என்று கேட்டாள். எந்த விலையில் எடுத்துக் காட்டுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, "எவ்வளவுல பாக்குதீங்க" என்று வாய்விட்டுக் கேட்டார்.

உளுந்தும் அரிசியும் திரும்ப வந்தன. கடைக்காரர் இருபது கிலோவை நிறுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் பணம் தந்தால் போதும் என்றார். சுந்தரி ஒன்று மட்டும் சொல்லிவிட்டாள்: அரைப்பேன், தூக்க மாட்டேன். அதனால் அரிசி களைவதும், கல்லைத் தூக்கிக் கழுவுவதும், மாவை வாளிகளில் வழிப்பதும், கடை இல்லாத நாட்களில் லாட்ஜுக்கு பைக்கில் கொண்டுபோவதும் பால்வண்ணநாதனுக்கு வந்தன. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் தானே அரைத்துப் பார்த்தார். உளுந்து பொங்கிவிட்டதா இல்லையா என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. துணி என்றால் தொட்டதும் சொல்லிவிடுகிற விரல்கள், மாவுக்குள் போனதும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாளியை லாட்ஜில் எடுத்துக்கொள்ளவில்லை.

சமையல்காரன் ஆவுடையப்பன் மூடியைத் திறந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, மூடிவிட்டான். "இது அக்கா அரைச்ச மாவு இல்ல" என்றான். "ஆமா, வாளிய வச்சிட்டு வச்சிட்டுப் போறீங்களே, நீங்க யாரு? அவங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

ஆவுடையப்பன் கரண்டியைக் கீழே வைத்தான். "வீட்டுக்காரரா? அவங்க வீட்டுக்காரர் துபாய்லல்லா இருக்காரு?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நாலு வருசமா எல்லாத்துக்கும் அவங்கதான் பேசுதாங்க, ஒத்தப் பொம்பளையா சமாளிக்காங்களே, அப்பம் ஆளு வெளிநாட்டுலதான் இருப்பாருன்னு நானா நெனச்சுக்கிட்டேன்." அவன் சங்கடப்பட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டான். பால்வண்ணநாதன் டீ குடித்தார். அருவிக்குப் போகிற ஜனங்கள் எண்ணெய் வழியும் உடம்போடு லாட்ஜ் வாசலில் போய்க்கொண்டிருந்தார்கள். தென்காசியை விட்டு இருபத்திரண்டு வருடத்தில் மதுரைக்கு அந்தப் பக்கம் அவர் போனதில்லை.

இதை அவர் சுந்தரியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சிரிப்பாளா, அழுவாளா என்று தெரியவில்லை.

ஆடி பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு, காலி வாளிகளோடு குற்றாலத்திலிருந்து திரும்பும்போது முதலாளி போன் செய்தார். தள்ளுபடி போடுகிறோம், ஆள் வேண்டும், திங்கட்கிழமையிலிருந்து முழு நாளும் வாங்க, முழுச் சம்பளம், தள்ளுபடி முடிந்த பிறகு பார்ப்போம் என்றார்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுதேன் மொதலாளி" என்றார் பால்வண்ணநாதன்.

சொன்ன பிறகு அவருக்கே, இதை நாம்தான் சொன்னோமா என்று இருந்தது.

சுந்தரி யோசிக்கவில்லை. "போங்க. ஆனா காலைல வாளிய நீங்கதான் கொண்டுபோய்க் குடுத்துட்டுக் கடைக்குப் போகணும். செவ்வாக்கெழம நான் அரைக்க மாட்டேன். அத ஆவுடையப்பங்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

போனார். ஆடித் தள்ளுபடியில் கூட்டம் வந்தது. போன வருடத்து அளவுக்கு இல்லை, ஆனால் வந்தது. வீட்டில் பால் பாக்கெட் திரும்பியது. கேபிள் திரும்பவில்லை, அது இல்லாததை சுகந்தியைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முழுச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் காலையில் பதினாறாயிரத்தையும் அப்படியே சுந்தரி கையில் கொடுத்தார். மூவாயிரத்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவள் கேட்கவில்லை. பணத்தை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். ஏதோ டப்பா திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து, பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கையில் இரண்டாயிரம் கொடுத்தாள்.

அது தன் சம்பளத்தில் வந்ததா, மாவில் வந்ததா என்று தெரியாமல் பால்வண்ணநாதன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.